விஞ்ஞான மாணவரும் பயிற்சிக் களமும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதப் புகுவாராயின், கல்லூரித் தாயின் பெருமையையோ செந்தமிழின் சிறப்பையோ பாடுவார் என்பதே அன்பர்கள் எதிர்பார்ப்பது. அவ்விரண்டையும் எம்மினும் வல்லார் இம்மலரின் பிற பக்கங்களிற் பாடியிருப்பர். நாம் ஈண்டு எடுத்துக்கொண்டது வேறொரு பொருள். எமது விஞ்ஞானப் பிரிவு மாணவர், பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் புகுமுன்னரும், பயிற்சிக்கு இடம் தேடி அலையும் அலைச்சலே அது. இதனை இக்கால மாணவர் இன்ரேன்சிப் என்பர். அரச சுற்றுநிருபங்கள் உள்ளகப் பயிற்சி என்னும். பெயர் எதுவாயினுமாகுக.

இலக்கணம் கற்பிப்பவருக்கு ஆய்வுகூடத்தில் என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும். விடை எளிது. விண்ணப்பக் கடிதம் எழுதவேண்டி வந்தவுடன் மாணவர் எம்மிடமே வருகின்றனர். பௌதிக ஆசிரியர் சமன்பாட்டைத் திருத்திவிட்டு, வாக்கியத்தைத் திருத்துமாறு எமது அறைக்கு அனுப்பிவிடுவார். கடிதம் ஆங்கிலத்திற் போகவேண்டியதாயினும், சொல்ல வந்ததை முதலிலே தமிழில் எழுதிக்கொண்டு வருதல் வேண்டும் என்பது எமது நிபந்தனை. தமிழிற் சொல்லத் தெரியாத ஒன்று ஆங்கிலத்திலும் ஆங்கே இராது என்பதைப் பல்லாண்டு கடிதம் திருத்தியதனால் அறிந்துள்ளோம். அன்றியும், விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் இடையிலே வேலி கட்டுவது எம்மவர் வழக்கமன்று. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலாநந்த அடிகள், அதற்கு முன்னர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரே.

நிற்க. பயிற்சி எதற்கு என்பதை முதலில் நோக்குவோம். உயர்தர வகுப்பிலே எமது மாணவன் அமிலத்தையும் காரத்தையும் நியமிக்கிறான். அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் திரவம் எந்த இடத்தில் நிறம் மாற்றும் என்பது ஆசிரியருக்குத் தெரியும். சென்ற ஆண்டு மாணவனின் கொப்பியைப் பார்த்தமையால் இவனுக்கும் தெரியும். விடை தவறினால் அதனைச் சற்றே திருத்தி எழுதிக்கொள்ளும் கலையும் தெரியும். பரீட்சைக்காகக் கற்கும் விஞ்ஞானத்தில் இக்குறை தவிர்க்கவொண்ணாதது; ஆசிரியர்மேல் இதற்குப் பழி இல்லை. ஆயின் மெய்யான ஆய்வுகூடத்தில், அன்று காலை வந்த போத்தலில் இருக்கும் நீரிலே என்ன இருக்கின்றது என்பது ஒருவருக்கும் தெரியாது. கருவி பிழையோ, கை பிழையோ, நீரே அவ்வாறோ என்று ஒருவன் ஐயுற்று, மூன்று முறை திரும்பச் செய்து, நான்காம் முறை மூத்தவர் ஒருவரை அழைத்துக் கேட்கும் அந்த நாளிலேதான் அவன் விஞ்ஞானத்துள் நுழைகின்றான். பயிற்சி என்று நாம் சொல்வது அந்த நாளைத்தான். அத்தகைய ஒரு நாளேனும் கிடையாத பயிற்சி ஆறு மாதம் நீடித்தாலும் பயனற்றது என்பதே எமது துணிபு.

பயனற்ற பயிற்சிகள் மலிந்திருக்கின்றன. எமது மாணவர் ஒருவர் தலைநகரில் ஒரு நிறுவனத்திலே ஆறு கிழமை பயிலுநராக இருந்து திரும்பினார். சட்டமிட்டு மாட்டத்தக்க பொன்னெழுத்துச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தது. என்ன செய்தீர் தம்பி என்று கேட்டோம். பிரதியெடுக்கும் இயந்திரத்தில் கடதாசி சிக்கினால் எடுக்கத் தெரியும் ஐயா என்றார். சிரித்துவிட்டோமாயினும், அவருடைய தகப்பனார் அந்த ஆறு கிழமைக்கும் கொழும்பிலே சாப்பாட்டுக்கும் அறைக்கும் கடன்பட்டுப் பணம் அனுப்பியவர் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இன்னொருவர் ஒரு சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடத்திலே இரண்டு மாதம் போத்தல் கழுவினார். போத்தல் கழுவுதல் இழிவு என்று எண்ணற்க. அதனை எவ்வாறு கழுவினால் முன்னைய மாதிரியின் எச்சம் அடுத்த மாதிரியைக் கெடுக்காது என்பதை அவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கழுவியது சரியா என்று அளந்து பார்க்கவும் விட்டார். இவ்விருவருள் எவர் பயிற்சி பெற்றார் என்பதை வாசகர் எளிதில் அறிவர். சான்றிதழ் முன்னவருக்கே அழகாக இருந்தது.

மூத்தவர் பக்கத்தில் நின்று கையால் வேலை செய்து கற்கும் முறை எமது மண்ணுக்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மாணவரை நோயாளர் பக்கத்தில் நிறுத்தி மேலைத்தேய வைத்தியம் பயிற்றினார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அவரது சமயப் பணியோடு எமக்கு உடன்பாடு இருக்கவேண்டியதில்லை. நூலில் உள்ளதைக் கற்றவனையும் நோயாளியின் நாடியைப் பிடித்தவனையும் அவர் ஒன்றாக எண்ணவில்லை என்பதே ஈண்டு வேண்டற்பாலது.

இனி, இடம் பெறும் வழி யாது? எம்மிடம் வரும் மாணவரிற் பெரும்பாலார் வைத்திருக்கும் விடை ஒன்றே: யாரைப் பிடிக்கலாம்? மாமா ஒருவர் திணைக்களத்தில் இருக்கின்றார். அயலவர் ஒருவருக்குப் பணிப்பாளரைத் தெரியும். கோயிற் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். சிபாரிசு என்னும் இச்சொல் எமது இளைஞரின் முயற்சியை அரித்துவிட்டது போல வேறொரு சொல்லும் அரிக்கவில்லை. மாமா உள்ளவன் முயலவேண்டியதில்லை என்று இருக்கின்றான். மாமா இல்லாதவன் முயன்று பயனில்லை என்று இருக்கின்றான். இருவரும் இருக்கின்றனர்.

ஆகவே எமது வகுப்பிலே அடிக்கடி சொல்லும் இரு கதைகளை இங்கும் சொல்வோம். முதலாவது, மைக்கேல் பரடேயின் கதை. இலண்டனில் இரும்புக் கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த நூல்களைக் கட்டுமுன் வாசித்தவர். 1812இல், கடைக்கு வரும் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டைக் கொண்டு, இராயல் இன்ஸ்டிடியூசனில் ஹம்பிறி டேவி நிகழ்த்திய விரிவுரைகளைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், குறித்தவற்றையெல்லாம் வீட்டிலே தெளிவாக எழுதி, பரிசோதனைக் கருவிகளின் படங்களையும் வரைந்து, தாமே புத்தகமாகக் கட்டினார். இதற்கு முன்னர் இராயல் சங்கத்தின் தலைவராயிருந்த சேர் யோசப் பாங்ஸ் என்பாருக்கு வேலை கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழி வரவில்லை. இப்போது அந்தக் கட்டிய புத்தகத்தை டேவிக்கு அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆயின் இடம் இல்லை, புத்தகத் தொழிலையே செய்க என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். சில கிழமையின்பின் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் நீக்கப்பட்டபோது டேவிக்கு நினைவு வந்தது அந்தப் புத்தகம் கட்டுபவரையே. 1813 மார்ச்சு மாதத்திற் பரடே ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். மின்காந்தத் தூண்டலை அவர் கண்டறிந்த 1831க்கு அது பதினெட்டு ஆண்டு முந்தியது.

இக்கதையில் மாணவர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. பாங்ஸுக்குப் போன கடிதமும் டேவிக்குப் போன கடிதமும் ஒரே இளைஞர் எழுதியவை, ஆர்வமும் ஒன்றே. முன்னதில் வேண்டுகோள் இருந்தது. பின்னதில் செய்த வேலை இருந்தது. இன்னோரிடமும் உண்டு. பரடே அமர்ந்த அதே ஆண்டிலே டேவி தம்பதியருடன் ஐரோப்பாவுக்குப் பயணமானபோது, ஏவலாளனின் பணியையும் அவரே செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை ஏவலாளனாகவே நடத்தினார். பயிலுநனைக் கொண்டு தேநீர் எடுப்பிக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று.

இரண்டாவது கதை எமது மொழிக்கு அணுக்கமானது. பரடே ஆய்வுகூடம் புகுந்து ஏறக்குறைய நூறு ஆண்டு கழிந்து, 1913 சனவரியில், சென்னைத் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராயிருந்த சீனிவாச இராமானுஜன் கேம்பிறிட்சிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு முன்னர் அங்கு வேறு இரு கணித வல்லுநர்க்கு எழுதியும் பயன் விளையவில்லை. கடிதத்தின் முற்பகுதியிலே தம் எளிய உத்தியோகத்தையும் குறைந்த வேதனத்தையும் சொன்னார் என்பது மெய்யே. ஆயின் ஹார்டியின் உறக்கத்தைக் கெடுத்தவை அதனோடு சேர்ந்திருந்த தேற்றங்கள். அடுத்த ஆண்டு இராமானுஜன் கேம்பிறிட்சில் இருந்தார். அவருக்கும் சிபாரிசு செய்தவர்கள் இருந்தனரே என்று ஒரு மாணவர் ஒருமுறை எம்மை மடக்கப் பார்த்தார். இருந்தனர். துறைமுகக் கந்தோரில் இடம் கிடைத்ததற்கும் பெரியோர் உதவியே காரணம். அப்பெரியோர் உதவ முன்வந்தது எதனைக் கண்டு? அவர் கையில் ஏந்திச் சென்ற குறிப்புப் புத்தகங்களைக் கண்டு. சிபாரிசு முன்னதாகவும் கொப்பி பின்னதாகவும் வரும் நாட்டில் நாம் வாழ்கின்றோம். அங்கே கொப்பி முன்னதாக வந்தது.

ஆகவே கடிதம் எழுதுமுன் கொப்பி வேண்டும். கொப்பி இல்லாத கடிதங்களை நாம் வேண்டிய மட்டும் கண்டிருக்கின்றோம். கணினியிலிருந்து இறக்கிய ஒரே கடிதம் நாற்பது இடங்களுக்குப் போகின்றது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதிய ஒன்றிலே, இறப்பர் மரத்தின்மேல் தமக்குச் சிறு வயது முதலுள்ள பேரார்வம் விரித்துரைக்கப்பட்டிருந்தது. எழுதியவரின் பிறந்த ஊரில் இறப்பர் மரம் ஒன்றேனும் இல்லை என்பது எமக்குத் தெரியும். நல்ல கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. நான் இன்ன வகுப்பு. உங்கள் பிரிவில் நடைபெறும் இன்ன ஆராய்ச்சியைப்பற்றி வாசித்தேன். அதில் இன்னது விளங்கியது, இன்னது விளங்கவில்லை. நான் இதுவரை இதனைச் செய்திருக்கின்றேன், குறிப்புகள் இத்துடன் உள்ளன. இன்ன மாதம் முதல் இத்தனை கிழமை வரமுடியும் என்பனவே அதில் இருக்கவேண்டியவை. பணிப்பாளருக்கு எழுதுவதோடு, அந்த வேலையைச் செய்யும் ஆராய்ச்சியாளரையும் தேடி எழுதுதல் நன்று. பணிப்பாளரின் மேசையிலே கடிதங்கள் அடுக்காகும். ஆராய்ச்சியாளரின் மேசையிலே வேலை அடுக்காகி, உதவும் கை ஒன்று வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மாணவராயின் துறைத் தலைவரின் கடிதத்தையும் பெரும்பாலும் கேட்பர். அதனை முன்கூட்டியே பெற்றுவைத்தல் வேண்டும். மறுமொழி வாராவிடின் இரண்டு மூன்று கிழமை பொறுத்து மரியாதையாக மறுபடி எழுதுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

இடம் கிடைத்ததும் மகிழ்ச்சியினால் வாய் மூடிவிடுகின்றனர் எம்மவர். என்னை யார் மேற்பார்வை செய்வார், எனக்கென ஒரு சிறு வேலை ஒதுக்கப்படுமா, முடிவிலே அறிக்கை எழுதலாமா, படித்தொகை ஏதும் உண்டா என்னும் இவற்றைப் பணிவாகக் கேட்பது உரிமை. பின்னர்க் கடதாசி எடுத்துக்கொண்டு நிற்பதினும் முன்னர்க் கேட்டுக்கொள்வது மேல்.

எங்கே கேட்பது என்பதில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. எமது தந்தையர் காலத்தில் வடக்கிலேயே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்கின. சுண்ணாம்புக் கல் சீமெந்தாவதையும் உப்பு நீர் காரமாவதையும் எமது பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியிலும் புகைவண்டியிலும் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரம். போர் அவற்றை மூடிவிட்டது. அன்று தொட்டுப் பயிற்சி என்றால் தெற்கு நோக்கிய பயணம் என்றாகிவிட்டது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி, லுணுவிலவில் தெங்கு, அகலவத்தையில் இறப்பர், பத்தலகொடையில் நெல். கொழும்பிலே 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், 1955இல் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி இன்று கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகமாக விளங்குவதும், கடல்வளம் ஆராயும் நாராவும் உள்ளன. கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் உண்டு. உயிரின் தோற்றத்தை இரசாயன வழியாக ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற சிறில் பொன்னம்பெரும அதன் பணிப்பாளராயிருந்தவர். பல்கலைக்கழக மாணவருக்குக் கைத்தொழிற் பயிற்சி இடம் ஒழுங்கு செய்வதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட நைற்றா என்னும் அதிகார சபையும் உள்ளது. இவற்றுள் எதன் பெயரையும் கேட்டிராத மாணவர் எமது உயர்தர வகுப்பிலே இருக்கின்றனர். வைத்தியம், பொறியியல் என்னும் இரு சொற்களுக்கு அப்பால் விஞ்ஞானத்திலே உத்தியோகம் உண்டு என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லத் தவறியதன் விளைவு இது.

ஆயினும் தெற்கு நோக்கிப் பார்த்துக்கொண்டே காலடியிலுள்ளதை மிதிப்பது அறிவுடைமையன்று. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. பனையை வாழ்த்தி நாம் எழுதிய கவிதைகள் ஏராளம். பனங்களியிலுள்ள கைப்புக்கு எப்பொருள் காரணம் என்று கேட்ட மாணவன் அரியன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு விஞ்ஞான பீடம் ஊரிலும், விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சியிலும் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. இவற்றிலுள்ள விரிவுரையாளர் பலர் எமது கல்லூரியிலும் அயற் கல்லூரிகளிலும் கற்றவர்களே. விடுமுறையில் ஒரு மாணவன் நேரிற் சென்று, ஐயா, உங்கள் ஆய்வுகூடத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டால், விரட்டுபவர் சிலரே.

இங்கே கிணற்றைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. மழை நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கடல் நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகின்றது. அதனையே கிணறுகளால் இறைத்துக் குடிக்கின்றோம், தோட்டத்துக்கும் பாய்ச்சுகின்றோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட பசளையின் நைத்திரேற்று, மண்ணைத் தாண்டி அதே நீரில் இறங்குகின்றது, மலக்குழிகளிலிருந்தும் சேர்கின்றது. குடிநீரிலே ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். எமது வீடுகளில் அம்மையார் நீரைக் கொதிக்க வைத்துக் குழந்தைக்குக் கொடுப்பார். கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறைவதனால் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். இதனைத் தம் தாயாருக்கு விளக்கிச் சொன்ன உயர்தர மாணவர் எத்தனை பேர்?

இதனை ஒரு மாணவன் கொப்பியாக்குவது எவ்வாறு? பணம் வேண்டியதில்லை. ஒரு கயிற்றிலே முழத்துக்கு முழம் முடிச்சிட்டு, கல்லொன்றைக் கட்டி, வீட்டுக் கிணற்றின் நீர் மட்டத்தை ஒவ்வொரு ஞாயிறும் அளந்து எழுதலாம். மழை பெய்த நாளை எழுதலாம். தோட்டத்துக்கு யூரியா இட்ட நாளைத் தகப்பனாரிடம் கேட்டு எழுதலாம். உப்புத்தன்மையை அளக்கும் சிறு மின்கடத்துதிறன் மானி பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்குமாயின் அதனையும் பயன்படுத்தலாம். மாரிக்கு முன்னும் பின்னுமாக ஓராண்டு எழுதி முடித்தால், நைத்திரேற்றை அளக்கும் கருவி அவனிடம் இல்லை என்பதே அவன் அடுத்து எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அவன் எழுதும் கடிதத்தில் வேண்டுகோள் மாத்திரம் இராது. ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கும். எங்காவது ஒரு ஞாயிறு தவறியிருந்தால் தவறியது என்றே எழுதுக, இட்டு நிரப்பற்க. அந்த வெற்றிடத்தைக் கண்டுதான் மூத்த விஞ்ஞானி மற்றை ஐம்பத்தொன்றையும் நம்புவார்.

காலம் இல்லையே என்பர். உயர்தரப் பரீட்சை எழுதிய நாளுக்கும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேலாகவும், எமது பிள்ளைகள் காத்திருக்கின்றனர். அக்காலத்திலே ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் போகின்றனர், நல்லதே. எஞ்சிய பொழுது கைத்தொலைபேசிக்குப் போகின்றது. அவர்கள் வாழ்நாளில் இத்துணை நீண்ட ஓய்வு இனி ஓய்வூதியம் பெறும்போதுதான் வரும்.

வெளிநாட்டுப் பயிற்சியைப்பற்றியும் கேட்கின்றனர். சுருக்கமாகச் சொல்வோம். அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இளமாணி மாணவர் ஆராய்ச்சித் திட்டம் அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவோருக்கும் உரியது. ஜேர்மனியின் றைஸ் திட்டம் வட அமெரிக்க, பிரித்தானிய, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவருக்கானது. இவற்றுக்கு விண்ணப்பித்து ஏமாறவேண்டாம். ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் நிலையத்தின் கோடைகால மாணவர் திட்டமும், யப்பானின் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகத்தின் பயிற்சியும் எந்நாட்டவர்க்கும் வாயில் திறந்திருப்பவை. தெரிவானவர்க்குப் படியும் கொடுப்பவை. போட்டி கடுமை. அங்கே கேட்கப்படுவதும் கொப்பியே. பணம் கட்டினால் பயிற்சி தருவோம் என்று அழைக்கும் விளம்பரங்கள் இப்போது தாராளமாக வருகின்றன. அவற்றின் வாசலிலும் மிதியற்க.

மொழியைப்பற்றி ஒன்று. தெற்கேயுள்ள ஆய்வுகூடத்தில் அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படும். பேச்சு சிங்களத்தில் நடக்கும். இவ்விரண்டுக்கும் அஞ்சி வந்த இடத்தை விட்டவர்களை நாம் அறிவோம். தமிழ் கற்பிக்கும் நாமே சொல்கின்றோம்: பயிற்சிக்குப் போகும் மாணவன் சிங்களம் பேசப் பழகுக. தவறாகப் பேசுக, மதிய உணவு வேளையிலே திருத்தித் தருவார்கள். எமது மொழிப்பற்றுக்கு அதனாற் குறை நேர்ந்துவிடாது.

இனிப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மேலே சொன்ன யாவும் ஒரு தடையினால் வீணாகலாம். பெரும்பாலான பயிற்சிகளுக்கு வேதனம் இல்லை. கொழும்பிலோ கண்டியிலோ இரண்டு மாதம் உண்டு உறங்கப் பணம் வேண்டும். கடற்றொழிலாளியின் மகனும் கூலித் தோட்டக்காரரின் மகனும் எத்தனை ஞாயிறு கிணறு அளந்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றனர். சொந்தக்காரர் வீடு உள்ளவன் போகின்றான். ஊதியமற்ற பயிற்சி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மேலும் ஒரு படியாகவும் ஏனையோருக்கு மேலும் ஒரு மதிலாகவும் அமைவதை நாம் கண்ணாற் காண்கின்றோம்.

விழா நினைவாக வாயில் வளைவு ஒன்று எழுப்பும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டோம். வளைவு வேண்டாம் என்பது எமது கருத்தன்று. அது ஓராண்டு பொறுக்கும். அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு கொழும்பிலே ஓர் அறையும் இரண்டு கட்டிலும் எடுத்து, பயிற்சிக்கு வரும் எமது மாணவரை முறை வைத்துத் தங்கச் செய்தால் என்ன? தெரிவு செய்யும்போது பரீட்சைப் புள்ளியையும் உறவுமுறையையும் ஒதுக்கிவைத்து, கொப்பியைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டும் என்பது எமது வேண்டுகோள். கூடவே, ஆய்வுகூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வைத்தியசாலைப் பரிசோதனைப் பிரிவுகளிலும் பணியாற்றும் பழைய மாணவர் தம் பெயரையும், ஆண்டில் ஒரு மாணவனுக்காவது பக்கத்தில் நின்று வேலை பழக்க முடியுமா என்பதையும் தெரிவித்தால், அதனை ஒரு பதிவேடாக்கும் வேலையை நாமே ஏற்போம். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் பணம் அனுப்புவதோடு, மாணவரின் ஆங்கிலக் கடிதங்களை ஒருமுறை வாசித்துக் குறிப்பு எழுதி உதவலாம். அவ்வேலைக்கு நாம் ஒருவர் போதாது.

பெயர் தர விரும்புவோர் அதிபரின் கந்தோர் ஊடாகவோ நேரிலோ எமக்கு அறிவிக்கலாம். தம் துறை, பணியிடம், எந்த மாதங்கள் வசதி என்னும் மூன்றும் இருந்தாற் போதும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்னர் கிடைப்பவற்றை அந்த விடுமுறையிலேயே பயன்படுத்தலாம். உயர்தர வகுப்பில் ஒரு சிலர் ஏற்கெனவே கயிற்றில் முடிச்சிடத் தொடங்கிவிட்டனர்.